சிற்றிதழ்த் தளம் ஒன்றுக்கு எந்த ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

ஏட்டுக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பரும் சேர்ந்து மதுரையிலிருந்து ஒரு காலாண்டிதழ் நடத்தி வருகிறோம். 11 ஆண்டுகளாக வெளிவந்த 44 இதழ்களும், ஏறத்தாழ 1,300 ஆக்கங்களும், பழைய கையெழுத்துச் சுவடிகளை ஒளிவருடி எடுத்த படங்களும் எங்கள் தளத்தில் இருக்கின்றன. தளம் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிப்பு மென்பொருளில் இயங்குகிறது. எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலும், மீதிப்பேர் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா ஆகிய நாடுகளிலும் இருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 7,200 ரூபாய் மொத்தமாகக் கட்டி ஒரு நிறுவனத்திடம் பகிர்வு ஹோஸ்டிங், அதாவது எங்கள் தளத்துக்கு அவர்கள் சர்வரில் ஓர் இடம், வாங்கினோம். இப்போது புதுப்பிக்கும் நேரம் வந்ததும் அதே திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 25,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 29,500 ரூபாய் என்று பில் அனுப்பியிருக்கிறார்கள். அதைவிட மனத்தை வருத்தியது சென்ற மாதம் நடந்தது. எங்கள் இதழில் தொடர்ந்து எழுதிவந்த மூத்த எழுத்தாளர் ஒருவர் காலமானார். அன்று காலை அவருடைய கட்டுரைகளைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம், கட்டுரைக்குப் பதிலாக 508 என்ற எண்ணும், வள வரம்பு எட்டப்பட்டது என்ற ஒரு வரியும்தான் கிடைத்தன. நிறுவனத்துக்கு எழுதியபோது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். கூடவே, கோப்புகளின் எண்ணிக்கை 2,00,000 என்ற வரம்பைத் தாண்டிவிட்டதாகவும் எச்சரிக்கை வந்தது. நாங்கள் வாங்கியது ‘எல்லையற்ற இடம்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட திட்டம்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்கு மேல் எங்களால் செலவிட இயலாது. எங்கள் இருவருக்கும் கணினி நிர்வாகம் தெரியாது. எங்கே போவது, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்லுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

வணக்கம் ஐயா. கோயம்புத்தூரில் 15 ஆண்டுகளாக சர்வர் நிர்வாகம் செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் முன்பு, உங்கள் தளத்துக்கு நேர்ந்தது என்ன என்பதை விளக்கிவிடுகிறேன். அது புரியாமல் இடம் மாறினால் அடுத்த இடத்திலும் இதுவே நடக்கும்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஒருவர் எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வேலி போடுகிறார்கள். பல நிறுவனங்கள் இதற்கு கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் முக்கியமான வேலி, ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) வேலைகள் தொடங்கலாம் என்பது. சிறிய திட்டங்களில் அது பெரும்பாலும் 20 என்று இருக்கும். உங்கள் பக்கம் ஒன்றைத் தயாரிக்க வேர்ட்பிரஸுக்கு 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 10 பக்கங்கள்தான் தர முடியும். அதற்கு மேல் கதவைத் தட்டுகிறவர்களுக்கு நீங்கள் சொன்ன அந்த 508 பிழைப் பக்கம் போகும். அஞ்சலி செலுத்த வந்த வாசகர்களோடு, தேடுபொறிகளின் தானியங்கிகளும், அண்மைக்காலமாக செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்காக எழுத்துகளைச் சேகரிக்கும் தானியங்கிகளும் சேர்ந்து வந்திருக்கும். அவையும் அதே 20 இடங்களில்தான் உட்காரும்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. முன்தயாரித்த பக்கத்தைக் கோப்பாகச் சேமித்து, பிஎச்பியை எழுப்பாமலேயே கொடுக்கும் கேஷ் செருகுநிரல் ஒன்றை நிறுவியிருந்தால், அன்று உங்கள் தளம் அசையாமல் நின்றிருக்கும். அச்சிட்ட இதழை எடுத்துக் கொடுப்பதற்கும், கேட்கிறவருக்கெல்லாம் புதிதாக அச்சுக்கோத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அது.

அடுத்தது கோப்பு எண்ணிக்கை. ‘எல்லையற்ற இடம்’ என்பது ஜிபியில் மட்டும்தான் எல்லையற்றது. கோப்பு எண்ணிக்கை வரம்பு, விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும். 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ், நீங்கள் ஏற்றும் பெரிய படம் ஒவ்வொன்றிலிருந்தும் 150, 300, 768, 1024, 1536, 2048 என்ற அளவுகளில் ஆறு நகல்களையும், 2560 அளவில் ஒரு நகலையும் உருவாக்குகிறது. மூலத்தோடு சேர்த்து எட்டுக் கோப்புகள். உங்கள் வார்ப்புரு (தீம்) தன் பங்குக்கு இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் கோப்புறை வாரியாக எண்ணிக்கையைப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று: உங்கள் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யாரிடம் இருக்கிறது? அதே நிறுவனத்திடமா?

பாக்குநீரிணை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கரிசல்மண் கடைசியாகக் கேட்ட கேள்வியைத்தான் நான் முதற்கேள்வியாக வைப்பேன்.

நாங்கள் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் மலர்களை இணையத்தளமொன்றில் தொகுத்து வந்தோம். வழங்கியையும் (ஹோஸ்டிங்) டொமைனையும் ஒரே இடத்தில், ஓர் இடைத்தரகர் ஊடாகக் கொள்வனவு செய்திருந்தோம். 2022-இல் எங்கள் நாட்டில் ஏற்பட்ட நெருக்கடியை அறிவீர்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த பெறுமதி, சில வாரங்களிலேயே 300-ஐத் தாண்டிப் போனது. டொலரில் வந்த கட்டணப் பட்டியல் எங்கள் கையிருப்புக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி அட்டைகளும் இலகுவாக இடங்கொடுக்கவில்லை. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த அந்நாட்களில், இருக்கின்ற மின்சாரத்தில் கோப்புகளைத் தரவிறக்கி முடித்தோம். ஆனால் டொமைன் எங்கள் பெயரில் பதிவாகவேயில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் இடைத்தரகரின் பெயர் இருந்தது. அவர் தொழிலை விட்டுவிட்டுப் புலம்பெயர்ந்திருந்தார். கட்டுரைகள் எங்கள் கையில் இருந்தன. பத்தாண்டுகளாக மற்றவர்கள் இணைப்புக் கொடுத்திருந்த முகவரி மட்டும் கைநழுவிப் போயிற்று.

எனவே ஐயா, உரிமையாளர் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல், காலாவதித் திகதி ஆகிய மூன்றையும் இன்றைக்கே பாருங்கள். வழங்கியை எப்போதும் மாற்றலாம். முகவரி போனால் மீட்பது கடினம்.

அலைவரிசை எழுதியது:

நான் வலைப்பின்னல் துறையில் இருக்கிறேன். டேட்டா சென்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வர 29 மில்லிநொடிக்குக் குறையாது. நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய் வர 130 மில்லிநொடிக்குக் குறைய இயற்கையே இடங்கொடுக்காது, கேபிள்கள் வளைந்து செல்வதால் நடைமுறையில் 200-க்கு மேல்தான் வரும். பாதுகாப்பான இணைப்பு ஒன்றைத் தொடங்கி முதல் எழுத்து வந்துசேர, இன்றைய முறையிலும் பொதுவாக மூன்று முறை போய் வர வேண்டும். ஆகவே அமெரிக்க சர்வர் என்றால் எதையும் தயாரிக்கத் தொடங்கும் முன்பே அரை நொடிக்கு மேல் போய்விடுகிறது.

பாதிக்கு மேல் வாசகர்கள் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கும் உங்களுக்கு மும்பை, சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் ஆகிய நான்கில் ஒன்றே பொருத்தம். முன்பு இந்தத் தேர்வே நமக்குக் கிடையாது. 2015, 2016-க்குப் பிறகு பெரிய மேக (கிளவுட்) நிறுவனங்கள் மும்பையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் மையங்கள் திறந்ததால், சிறு நிறுவனங்களும் இங்கேயே இடம் எடுத்துத் தருகின்றன. வாங்கும் முன்பு, ‘இந்திய நிறுவனம்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல், சர்வர் எந்த ஊரில் என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலகம் இங்கும் சர்வர் அமெரிக்காவிலும் இருக்கலாம்.

கரிசல்மண் எழுதியது:

அலைவரிசை சொல்லும் கணக்கு சரி. ஆனால் அதற்குத் தரும் எடை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. கேஷ் செய்த பக்கங்களை வாசகருக்கு அருகிலுள்ள நகரத்திலிருந்து தரும் சிடிஎன் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கனடா வாசகருக்கும் அதனால்தான் பயன். அரை நொடி தாமதத்தால் எந்த வாசகரும் கட்டுரையை விட்டுப் போகமாட்டார். 4 எம்பி ஒளிவருடிப் படம் கைப்பேசியில் திறக்காததால்தான் போவார். ஊரை இரண்டாவதாகப் பாருங்கள். நிறுவனத்தின் பேக்கப் வழக்கத்தையும் வெளியேறும் வழியையும் முதலில் பாருங்கள்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டபடி பார்த்துவிட்டேன். மூலப் படங்கள் 6,000. அவற்றின் நகல்களோடு சேர்த்து 72,000 கோப்புகள். 2021-இல் வார்ப்புரு மாற்றும்போது சோதனைக்காக முழுத் தளத்தையும் ஒரு துணைக் கோப்புறையில் நகலெடுத்திருக்கிறோம். அது அப்படியே கிடக்கிறது, அதில் இன்னொரு 72,000. மின்னஞ்சல்கள் 38,000, ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பாகக் கணக்கில் வருகிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மீதி 21,000 வேர்ட்பிரஸும் செருகுநிரல்களும். மொத்தம் 2,03,000. சோதனை நகலை அழித்ததும் எச்சரிக்கை போய்விட்டது.

டொமைன் அதே நிறுவனத்திடம்தான் இருக்கிறது. நல்லவேளையாக உரிமையாளர் இடத்தில் எங்கள் அறக்கட்டளையின் பெயரே உள்ளது. ஆனால் பதிவு செய்த மின்னஞ்சல், நாங்கள் இப்போது பயன்படுத்தாத ஒன்று.

மேகவழி எழுதியது:

மாதம் 5 அல்லது 6 டாலருக்கு பெங்களூரிலோ மும்பையிலோ தனி விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) கிடைக்கிறது. 20 வேலைகள் என்ற வேலியும் இல்லை, கோப்பு எண்ணிக்கைத் தொல்லையும் இல்லை. அதே பணத்தில் சொந்த வீடு கிடைக்கும்போது ஏன் ஒண்டுக்குடித்தனம்?

கரிசல்மண் எழுதியது:

மேகவழி, உங்களுக்கும் எனக்கும் அது நல்ல ஆலோசனை. இவர்களுக்கு வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். விபிஎஸ் வாங்கினால் இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள், தீச்சுவர், தரவுத்தளம், பாதுகாப்புச் சான்றிதழ், பேக்கப் என அத்தனையும் வாங்கியவர் பொறுப்பு. 90 நாளில் காலாவதியாகும் இலவசச் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஒருநாள் நின்றுபோனால், உலாவி தளத்தின் வாசலிலேயே எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிடும். அப்போது யாரைக் கூப்பிடுவார்கள்?

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்புக்கு மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு விபிஎஸ் அமைத்துக் கொடுத்தார். ஓராண்டில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார். அதன்பின் மூன்றாண்டு யாரும் உள்ளே நுழையவில்லை. கடைசியில் அது திருட்டு விளம்பரங்களை அனுப்பும் இயந்திரமாக மாறி, சேவை நிறுவனமே அணைத்துவிட்டது. அந்த மாணவர் தவறு செய்யவில்லை. அவருக்கு அடுத்து அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். ஏட்டுக்கட்டு ஐயாவும் அவர் நண்பரும் செய்ய வேண்டியது இதழ் நடத்தும் வேலை. சர்வர் வேலையை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட ஹோஸ்டிங் அதற்குத்தான் இருக்கிறது.

வெற்றுப்பக்கம் எழுதியது:

எல்லோரும் சர்வரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறொரு கேள்வி: 2015-ஆம் ஆண்டு இதழ் இனி மாறப்போகிறதா? மாறாத பக்கத்தை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோக்க வேண்டிய அவசியம் என்ன?

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கி இன்றுவரை நிற்கிறது. அதன் நூல்கள் எளிய எச்டிஎம்எல் பக்கங்களாகவும் பிடிஎஃப்களாகவும் இருப்பதால் யாரும், எந்த சர்வரிலும், அப்படியே எடுத்து வைக்க முடிகிறது. அது இன்றளவும் இருப்பதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம் என்பேன். பழைய இதழ்களை நிலைப்பக்கங்களாக, அதாவது இப்படிப்பட்ட ஆயத்தக் கோப்புகளாக, மாற்றிவிட்டால் பிஎச்பி பதிப்பு பற்றிய கவலை இல்லை, உடைத்து நுழைய ஓட்டை இல்லை. நிலைப்பக்கங்களை இலவசமாகத் தாங்கும் சேவைகளும் உண்டு. கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜிபிக்குள் இருக்கலாம். உரைக்கு அது ஏராளம்.

ஒளிவருடிய முழு இதழ்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றிவிட்டு இணைப்பு மட்டும் கொடுக்கலாம். அதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் நடந்த தாக்குதலால் அதுவே பல நாள் இயங்காமல் இருந்தது. எனவே உங்கள் கையிலும் ஒரு படி இருக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாற்றும்போது பழைய முகவரிகளைக் காப்பாற்றுங்கள். வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்த் தலைப்பை அது விழுக்காட்டுக் குறிகளாக மாற்றிச் சேமிக்கிறது. ஒரு குறிக்கு 9 இடம் ஆகிறது. ‘வில்லுப்பாட்டு’ என்ற ஒரு சொல்லில், மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 14 குறிகள். 126 இடம் அதற்கே போய்விடும். இரண்டாவது சொல்லின் நடுவில் முகவரி வெட்டுப்பட்டிருக்கும். பார்க்க அரைகுறையாகத்தான் இருக்கும், இருந்தாலும் உலகம் இணைப்புக் கொடுத்திருப்பது அந்த வெட்டுப்பட்ட வடிவத்துக்குத்தான். அழகுபடுத்துகிறேன் என்று திருத்தினால் 11 ஆண்டு இணைப்புகளும் அறுந்துவிடும்.

பாக்குநீரிணை எழுதியது:

வெற்றுப்பக்கம் கூறுவதை வழிமொழிகிறேன். இலவசச் சேவையை மட்டும் நம்பி முகவரியையும் அவர்களுடையதாகவே வைத்துக்கொள்ளலாகாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையில் இருந்தன. 1999-இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26-இல் மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாகப் பிரதியெடுத்துப் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள், ஆனால் முகவரிகள் அனைத்தும் இறந்துபோயின. சொந்த டொமைன் இருந்தவர்கள் மட்டும் வேறிடம் சென்று அதே பெயரில் தொடர்ந்தார்கள்.

அலைவரிசை எழுதியது:

பேக்கப் பற்றி ஒரு நிகழ்வு. 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகம் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்து, பக்கத்துக் கட்டடமும் பாதிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் நின்றன. பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த சிலர், அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதைத் தீக்குப் பிறகுதான் அறிந்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கு நடந்தது இது. ஆகவே ‘தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்ற விளம்பர வரியோடு நிற்காமல், எந்த ஊரில் வைக்கிறீர்கள், எத்தனை நாள் வைக்கிறீர்கள், நானே பதிவிறக்க முடியுமா, மீட்டுத் தரக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

99.9 விழுக்காடு இயங்கும் என்ற உறுதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 43 நிமிடம் நின்றாலும் அந்த உறுதி மீறப்படவில்லை. மீறினால் அவர்கள் தருவது பெரும்பாலும் அந்த மாதக் கட்டணத்தின் ஒரு பகுதிதான். உங்களுக்கு அது 40, 50 ரூபாய்.

கரிசல்மண் எழுதியது:

பேக்கப்போடு தமிழுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். புது இடத்தில் தரவுத்தளத்தை ஏற்றியதும் கட்டுரை முழுவதும் தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம். வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்துவிட்டதால் அப்படித் தெரிகிறது. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் லத்தீன்1 எழுத்துமுறை இயல்பாக இருந்ததன் விளைவு. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாத பிழை வேறு. மைஎஸ்க்யூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்று பெயரிட்டிருப்பது மூன்று பைட் வரைதான் ஏற்கும். நான்கு பைட் எழுத்துகளுக்கு ‘யூடிஎஃப்8எம்பி4’ வேண்டும். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று போதும் என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்ன எண்களின் குறியீடுகள் 2019-இல் யூனிகோடின் தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதியில் சேர்க்கப்பட்டன. அவை நான்கு பைட். பழைய அமைப்பில் ஏற்றினால் சில சமயம் கேள்விக்குறியாகும். சில சமயம் அந்தக் குறி வந்த இடத்தோடு கட்டுரையே வெட்டுப்பட்டு நின்றுவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. நீங்கள் சுவடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் என்பதால் கேட்கிறேன், அப்படிப்பட்ட கட்டுரை இருக்கிறதா?

ஏட்டுக்கட்டு எழுதியது:

இருக்கிறது. கிராமக் கணக்குப் பிள்ளைகளின் எண்சுவடி பற்றி 2020-இல் வந்த நீண்ட கட்டுரை. எழுதியவர், நான் முன்பு சொன்ன அந்த மறைந்த எழுத்தாளர். பின்னக் குறிகளை யூனிகோடிலேயே போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு குறியையும் தானே சரிபார்த்தார். இப்போதுள்ள தளத்தில் அது முழுதாகத்தான் இருக்கிறது. புது இடத்தில் அது முழுதாக வருகிறதா என்பதையே எங்கள் சோதனையாக வைத்துக்கொள்கிறேன்.

நிறுவனங்களின் ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவற்றையும் படித்தேன். ‘சிறந்த பத்து’ என்று எல்லோரும் ஒரே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அவற்றை நம்பலாமா?

அலைவரிசை எழுதியது:

அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் வழியாக ஒருவர் வாங்கினால், எழுதியவருக்குக் கமிஷன் போகும். அதிகக் கமிஷன் தருகிறவர் பட்டியலில் மேலே ஏறுவது இயல்பு. வெவ்வேறு பெயர்களுக்குப் பின்னால் ஒரே உரிமையாளர் இருப்பதும் உண்டு: புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், இந்தியாவில் பிக்ராக் ஆகிய மூன்றையும் என்டூரன்ஸ் என்ற ஒரே குழுமம்தான் வாங்கியது, 2021-இல் அது நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. ஒன்றில் மனம் கசந்து இன்னொன்றுக்குப் போகிறவர், அதே வீட்டின் வேறு அறைக்குப் போயிருக்கலாம்.

நான் செய்வது இது: வாங்கும் முன்பே வாடிக்கையாளர் உதவிக்கு இரவு 11 மணிக்கு ஒரு நுட்பக் கேள்வி அனுப்புவேன். தரவுத்தளப் பதிப்பு எது, ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலைகள், கோப்பு வரம்பு எவ்வளவு, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் கேட்பேன். நான்குக்கும் எண்ணாகப் பதில் வந்தால் அந்த நிறுவனத்தோடு பேசலாம். ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் எல்லையற்றது’ என்று வந்தால் அடுத்த கடைக்குப் போவேன்.

கரிசல்மண் எழுதியது:

முழு ஆமோதிப்பு. கூடவே, முதல் முறை மூன்றாண்டுக்குக் கட்டாதீர்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும், முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் ‘தானாகப் புதுப்பிக்கும்’ என்பதையும் நம்பி இருக்க வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி அட்டையிலிருந்து தொடர் கட்டணம் எடுக்க முன்னறிவிப்பும் கூடுதல் ஒப்புதலும் தேவை என்பதால், பல வெளிநாட்டுக் கட்டணங்கள் சத்தமில்லாமல் தோற்றுப்போகின்றன. டொமைன் விஷயத்தில் அது ஆபத்து. டொமைன் காலாவதியானபின் வரும் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால் தண்டம் பல மடங்கு. காலாவதித் தேதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.

இதழின் மின்னஞ்சலையும் ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்த 38,000 கோப்புகள் குறையும்; தளம் நின்றாலும் கடிதம் நிற்காது.

ஏட்டுக்கட்டு எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்தவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் டொமைனில் மின்னஞ்சலை மாற்றினோம். உரிமையாளர் விவரத்தைத் திருத்தினால் 60 நாள் வரை வேறு பதிவாளருக்கு (டொமைன் பதிவு செய்யும் நிறுவனம்) மாற்ற முடியாதபடி பூட்டு விழக்கூடும் என்று அங்கே ஒரு குறிப்பு இருந்தது. அந்தப் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் பெட்டியும் அதே பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றத் தேவையான குறியீட்டைக் கேட்டு மூன்று முறை எழுதிய பிறகு அனுப்பினார்கள். இப்போது டொமைன் தனியாக ஒரு பதிவாளரிடம், அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது.

ஐந்து நிறுவனங்களுக்கு அந்த நான்கு கேள்விகளை அனுப்பினேன். இருவர்தான் எண்களாகப் பதில் தந்தார்கள். அவர்களில் சர்வர் மும்பையிலும் பேக்கப் வேறு ஊரிலும் வைத்திருக்கும் சிறிய நிறுவனத்திடம் மாதக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறோம். முதல் 36 இதழ்களை வெற்றுப்பக்கம் அவர்களின் உதவியோடு நிலைப்பக்கங்களாக மாற்றி, வெட்டுப்பட்ட பழைய முகவரிகளை அப்படியே வைத்துக்கொண்டோம். ஒளிவருடிய இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி, எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒரு படி. டொமைன், ஹோஸ்டிங், தனி மின்னஞ்சல் எல்லாம் சேர்த்து வரியோடு ஆண்டுக்கு 5,400 ரூபாய் வருகிறது.

மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே, டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 நொடியாகக் குறைத்துவைத்தோம். ஞாயிறு இரவு மாற்றினோம். திங்கள் காலை டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகர் வழக்கம்போல் கடிதம் எழுதியிருந்தார், தளம் இடம் மாறியதே அவருக்குத் தெரியவில்லை.

எண்சுவடிக் கட்டுரை முதல் முயற்சியில் முந்திரிக் குறி வந்த இடத்தோடு நின்றுவிட்டது, கரிசல்மண் சொன்னபடியே. தரவுத்தளத்தின் இயல்பு எழுத்துமுறை பழையதாக இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினோம், அரை மணியில் மாற்றிக் கொடுத்தார்கள், மறுபடி ஏற்றினோம். பிறகு நானும் நண்பரும் அச்சிட்ட இதழை மேசையில் விரித்துவைத்து, ஒருவர் தாளையும் ஒருவர் திரையையும் பார்த்து, கட்டுரையில் உள்ள 23 பின்னக் குறிகளையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தோம். எல்லாம் இருக்கின்றன. கட்டுரையின் கடைசி வரியும், அதன் கீழே அவருடைய பெயரும் இருக்கின்றன.